ஸ்டெபிலைசர் இருந்தாலும் அறை எங்கே என்று பாருங்கள்
“இப்போதைய கப்பல்களில் ஸ்டெபிலைசர் இருப்பதால் குழந்தைகளுக்குத் தலைசுற்றல், வாந்தி வருமோ என்ற பயமே வேண்டாம்” என்று குழந்தைகளோடு கப்பல் பயணம் போவது பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. எங்கள் முதல் பயணத்தில், காட்சி நன்றாக இருக்குமே என்று மேல்தளத்தில் கப்பலின் முன்கோடியில் அறை எடுத்தோம். இரண்டாம் நாள் இரவு காற்று வலுத்ததும் 7 வயது மகள் விடியும்வரை வாந்தி எடுத்தாள், பாவம். ஒரு வயதுத் தம்பி அசையாமல் தூங்கினான். 2 வயதுக்குள் இந்தத் தொல்லை அரிது என்று மருத்துவர் பிறகு சொன்னார். அடுத்த முறை கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் அறை எடுத்தோம். ஜன்னல்கூடக் கிடையாது. அப்போதும் கடல் சும்மா இல்லை, ஆனால் மகள் நன்றாகத் தூங்கினாள். இங்கே எனக்கு முன் கருத்து எழுதிய ஒருவர், பால்கனி இருந்தால் தொடுவானத்தைப் பார்த்தே சமாளிக்கலாம் என்கிறார். பகலில் சரி, இரவில் தொடுவானம் எங்கே தெரியும்? அப்புறம் மாத்திரை: வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் பெரிய பயன் இல்லை, ஆட்டத்துக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டையைப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடாதீர்கள். அவர்களுக்கு எது, எவ்வளவு என்று கிளம்புமுன் குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.