கெவின் ஓலிக்கு யாரும் முழுசா ஒரு வேலை குடுக்கவே இல்ல

அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீகான என்பிஏல 13 சீசன், 11 டீம், மேட்சுக்கு சராசரி 3.8 பாயிண்ட். கெவின் ஓலியோட இந்த நம்பர மட்டும் பாத்துட்டு டம்மி பீஸுன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு செம கடுப்பாகும்.

1995 ட்ராஃப்ட்ல, அதாவது டீமுங்க புது ப்ளேயர்கள வரிசையா தேர்ந்தெடுக்கறப்ப, இவர யாருமே எடுக்கல. சிபிஏங்கற சின்ன லீக்ல ஆடி, 1997லதான் என்பிஏக்குள்ள வந்தாரு, அதுக்கப்புறமும் 10 நாள் கான்ட்ராக்ட்தான். ஒரு டீம் ஒரே ஆளுக்கு ஒரு சீசன்ல அந்த மாதிரி ரெண்டு தடவதான் குடுக்கலாம், அப்புறம் சீசன் முடியற வரைக்கும் வெச்சுக்கணும் இல்ல அனுப்பிடணும், நம்மூர் கான்ட்ராக்ட் ஸ்டாஃப் நிலைமையேதான். டீமுங்க ஆள மாத்திக்கற ட்ரேட்லயும் இதே கததான்: 2002ல ஸ்டார் ப்ளேயர் ஜேலன் ரோஸ் சிகாகோவுக்குப் போன ட்ரேட்லயும் இவர் பேர் இருக்கும், 2003ல கேரி பேட்டனுக்கு ரே ஆலன்னு ரெண்டு ஸ்டார்கள மாத்துன ட்ரேட்லயும் இருக்கும், ரெண்டுலயும் யாரும் படிக்காத கடைசி பேரா.

ஆனா பாருங்க, ஒவ்வொரு டீம்லயும் போன மறுநாளே ப்ளே (ஆட்டத்துல போடற மூவ்) எல்லாம் மனப்பாடமாகி இருக்கணும், யார் எங்க நிப்பான்னு தெரியணும், இல்லன்னா பெட்டிய கட்ட வேண்டியதுதான். கோச்சிங்குக்கு இதவிட என்ன படிப்பு வேணும்? 37 வயசுல ஓக்லஹோமா சிட்டில கடைசி சீசன், ஆடுனது 25 மேட்ச்தான், ஆனா அந்த டீமோட கல்ச்சரையே மாத்துனது ஓலிதான்னு அந்த டீம் ஸ்டார் கெவின் டுராண்டே பின்னாடி சொல்லிருக்காரு. அதுக்கு முந்தின வருஷம் 23 ஜெயிச்ச டீம், அந்த வருஷம் 50.

2012ல கனெக்டிகட் யுனிவர்சிட்டி டீம் கோச் ஜிம் கல்ஹூன் ரிட்டையர் ஆனதும், ஓலி படிச்ச அதே யுனிவர்சிட்டி இவரையே ஹெட் கோச்சா போட்டுச்சு, எவ்ளோ நாளைக்கு தெரியுமா, 7 மாச கான்ட்ராக்ட்! டிசம்பர்லதான் நீட்டிச்சாங்க. 2014ல காலேஜ் டீமுங்களோட தேசிய டோர்னமென்ட்டுக்குள்ள 7வது சீடா (தரவரிசைல பின்னாடி) போய், ஸ்டார் ப்ளேயர் ஷபாஸ் நேப்பியர வெச்சு, ஃபைனல்ல கென்டக்கிய 60-54ன்னு அடிச்சு சாம்பியன். 7வது சீட் ஜெயிச்சது அதுதான் முதல் தடவ.

அப்புறம் சரிஞ்சது உண்மைதான், அத மறைக்கல. வரிசையா ரெண்டு சீசன் ஜெயிச்சதவிட தோத்ததுதான் அதிகம், ஒரு ப்ரோக்ராம வருஷக்கணக்கா கட்டி எழுப்பறது வேற வேலை. ஆனா 2018ல விதிமீறல்னு சொல்லி பாக்கி சம்பளம் இல்லாம அனுப்புனது எனக்கு சுத்தமா பிடிக்கல. காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்தற என்சிஏஏவும் தண்டனை குடுத்துச்சு, சரி, அதுக்காக கான்ட்ராக்ட் காசையும் முழுங்கலாமா? 2022ல ஆர்பிட்ரேட்டர் (ரெண்டு தரப்புக்கும் நடுவர்) 1.1 கோடி டாலருக்கு மேல குடுக்கச் சொல்லிட்டாரு.

2024 பிப்ரவரில என்பிஏ டீம் ப்ரூக்ளின் நெட்ஸ், பாதி சீசன்ல கோச் ஜாக் வான அனுப்பிட்டு ஓலிய இன்டரிம், அதாவது தற்காலிக கோச்சா போட்டாங்க. 28 மேட்ச்ல 11 ஜெயிச்சாரு, சீசன் முடிஞ்சதும் வேற ஆள எடுத்துக்கிட்டாங்க. யாரோ சேத்து வெச்ச டீம், யாரோ போட்டு வெச்ச ப்ளான், அத வெச்சு ஒரு கோச்ச எடை போடுவீங்களா? ஒரு ட்ரெய்னிங் கேம்ப்ல இருந்து முழு சீசன் குடுத்துட்டு அப்புறம் வேணாம்னு சொல்லிருந்தா நானும் வாய மூடிட்டு இருந்திருப்பேன்.