தினம் 50 சொல் மனப்பாடம்: ஒரு திருத்தம்

"தினம் 50 ஆங்கிலச் சொல் மனப்பாடம் செய்தால் ஒரே வருடத்தில் 18,000 சொல் கைவசம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெருக்கல் சரி, ஆனால் அத்தனையும் நினைவில் தங்காது. மறதியின் வேகத்தை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே அளந்து காட்டிவிட்டார். திரும்பப் பார்க்காத சொற்களில் பெரும்பாலானவை சில நாளில் போய்விடும்.

அத்தனை தேவையும் இல்லை. நாவல், செய்தித்தாள் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்கிறது மொழியியலாளர் பால் நேஷனின் 2006 ஆய்வு (ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் எல்லாம் ஒரே குடும்பம்).

அப்புறம், பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. 'ஹெவி ரெயின்' என்பார்கள், 'ஸ்ட்ராங் ரெயின்' என்பதில்லை. எந்தச் சொல் எதோடு சேரும் என்கிற இந்தப் பழக்கம் நிறைய வாசித்தால்தான் வரும். புதிதாக ஆங்கிலம் கற்பவர்களுக்குத் தினம் 50 வேண்டாம். பத்தை வாக்கியத்தோடு எழுதி, மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.