ரிசானாவின் வயதை மறந்துவிட்டோமா?
கொலை செய்த 16 வயதுப் பையனையும் பெரியவர்களைப் போலவே தண்டிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சவூதியில் பணிப்பெண்ணாக வேலை செய்த வீட்டுக் குழந்தையைக் கொன்றதாகச் சொல்லி, 2013 ஜனவரியில் இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் தலை அங்கே வெட்டப்பட்டபோது, "சம்பவம் நடந்த அன்று அவளுக்கு 17 வயதுதானே!" என்று கொதித்தவர்கள் நாம்தான். அந்த நியாயம் உள்ளூர்ப் பிள்ளைக்குக் கிடையாதா?

கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒருமுறை பார்த்தேன்: பாடசாலைச் சப்பாத்தோடு ஒரு பையன், மெலிந்த மணிக்கட்டில் விலங்கு நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. இறந்தவரின் தாய்க்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, உண்மைதான். தண்டனையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் நெரிசலில் பிதுங்கும் வெலிக்கடைச் சிறைக்குள் அப்படியொரு பையனைத் தள்ளினால், அங்கே அவனுக்குப் பாடம் நடத்தப்போவது யார்?