பசை கரைந்தால் லென்ஸ் விழுந்துவிடாது
அறுவை செய்து கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸைப் பற்றி, "பசை வைத்து ஒட்டும் லென்ஸ், பசை கரைந்ததும் கண்ணுக்குள் விழுந்துவிடும்" என்று சொல்வது தவறுங்க. லென்ஸைத் தாங்குவது பசை அல்ல. கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் இயற்கையான பை கிழிந்து வலு இல்லாதபோது, லென்ஸின் ஓரத்தில் மெல்லிய கம்பிபோல் நீளும் இரண்டு கால்களையும் வெள்விழிச் சுவருக்குள் குடைந்த சிறு சுரங்கங்களில் செருகுகிறார்கள். பிடிமானம் அதுதான். ஃபைப்ரின் பசை (இரத்தத்தை உறைய வைக்கும் புரதத்தால் ஆனது), சுரங்கத்துக்கு மேலே வெள்விழியில் திறந்த மடலை மூட மட்டுமே. அது கரைவதற்குள் புண் ஆறிவிடும். சென்னையில் கண் மருத்துவர் அமர் அகர்வால் 2007-இல் தொடங்கிய முறை இது. அப்புறம், ஜப்பானின் கண் மருத்துவர் யமானேயின் முறையில் பசையே கிடையாது: காலின் நுனியைச் சூட்டில் உருக்கிக் குமிழாக்கி வெள்விழிக்குள் பதிக்கிறார்கள். லென்ஸ் நடுவில் நிற்க, கால்கள் பதியும் இரண்டு இடங்களும் நேர் எதிரெதிரே, 180 டிகிரியில் அமைய வேண்டும். பின்னாளில் லென்ஸ் சாய்ந்தாலும், நகர்ந்தாலும் பிடி தளர்ந்ததா என்றுதான் பார்ப்பார்கள். பசையைத் தேட மாட்டார்கள்.