ஜாடிக்குள் மிதக்கும் கண்விழி: இடைவெளி விடலாமா?

பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் பேய்வீட்டுக் காட்சிக்குக் கண்விழி மிதக்கும் ஜாடி செய்யும்போது, கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் திரவத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டால்தான் ஒளிவிலகல் நிஜமாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு பரப்புகளும் ஒரே இடத்தில் ஒட்டினால் கறுப்புத் திட்டுகள் வரும் என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்குத் தீர்வு இடைவெளி இல்லை.

இடைவெளி விட்டால் அங்கே காற்று வந்துவிடுகிறது. கண்ணாடியின் விலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. அதனால் ஓரத்தில் வரும் ஒளி திரவத்துக்குள் போகாமல் முழுதாகத் திரும்பிவிடும், ஜாடியைச் சுற்றி ஒரு பளபளப்பான பட்டை தெரியும், திரவம் தனியாக நிற்கும் ஜெல்லி மாதிரி ஆகிவிடும் (அதுவும் ஒரு பேய்த்தனம்தான், ஆனால் நாம் கேட்டது அதுவல்ல). திரவத்தை லேசாகப் பெரிதாக்கி, அதன் பரப்பு கண்ணாடிச் சுவரின் தடிமனுக்குள் கொஞ்சம் புகுந்திருக்கும்படி வையுங்கள். இயற்பியல் கணக்குப்படி இதுவும் அச்சு அசலானது இல்லை, கண்ணுக்குச் சரியாக இருக்கும்.

நம்பிக்கை இல்லையா? தடித்த கண்ணாடி டம்ளரில் பாதிவரை கட்டன் டீ ஊற்றிப் பக்கவாட்டில் பாருங்கள். மேல்பாதியில் சுவரின் தடிமன் தனியாகத் தெரியும், டீ இருக்கும் இடத்தில் நிறம் டம்ளரின் வெளி ஓரம்வரை பரவியிருக்கும். அப்புறம் அதே காட்சியை இடைவெளியோடு ஒன்று, புகுத்தி ஒன்று என பிளெண்டரில் உள்ள சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இன்ஜினில் ரெண்டர் செய்து (அதாவது படமாக்கி) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.