முடிச்சூரில் வந்தது செம்பரம்பாக்கம் தண்ணீர் இல்லை

2015 சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் தாம்பரம் பக்கத்து முடிச்சூர் மூழ்கியது என்கிறீர்கள். அது தவறு. அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம்; முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அதற்கு மேலே இருக்கின்றன. தண்ணீர் மேலேறியா வரும்? அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் வெள்ளம். டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அக்கா வீட்டுச் சுவரில் ஜன்னல் உயரத்துக்கு அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அதே ஆற்றில் கீழே இருக்கும் சைதாப்பேட்டை கதை வேறு. அங்கே ஏரியிலிருந்து விட்ட விநாடிக்கு 29,000 கனஅடியும் சேர்ந்துகொண்டது. மழைக்கு முன்பே ஏரியில் இடம் விட்டிருக்கலாமே என்ற கேள்வி முழுக்க நியாயமானது; அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையும் ஏரியைக் கையாண்ட விதத்தைக் கண்டித்தது.