நிறுவும் படியிலேயே நின்றுவிடுகிறவர்கள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட வன்பொருள் நிபந்தனைகளால் விண்டோஸ் 11-க்கு மாற முடியாத, மற்றபடி நன்றாகவே ஓடுகிற கணினிகளை வைத்திருப்பவர்கள் பலர் அதையொட்டி முதன்முறையாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் திரும்பினார்கள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிற என்னைப் போன்றவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அப்படி வருகிறவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் எதையெல்லாம் சந்திக்கிறார்கள் என்று பார்க்கும்போது அந்த மகிழ்ச்சி குறைந்துவிடுகிறது. அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் யாரோ எடுத்த, அல்லது எடுக்காமல் தள்ளிப்போட்ட, முடிவுகளால் உருவானவை என்பது என் கருத்து. அப்படியிருக்க, பழியை மட்டும் விழுந்தவர் தலையில் போடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது.

தரவிறக்கப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு செயலியின் முகவரி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது என்று சொல்லி ஒருவரை அங்கே அனுப்புகிறோம். அவர் கண்ணில் முதலில் படுவது பச்சை நிறப் பொத்தான். அதை அழுத்தித் தரவிறக்கினால் கிடைப்பது மூலநிரல் அடங்கிய ஜிப் கோப்பு. அதைப் பிரித்து, உள்ளே எதைச் சொடுக்கினாலும் எதுவும் இயங்கவில்லையே என்று அவர் குழம்புகிறார். இயக்கத்தக்க கோப்பு பக்கத்தின் ஓரத்தில், வெளியீடுகள் என்ற சிறிய இணைப்புக்குள் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து உள்ளே போனாலும், ஒரே பதிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. தன் கணினியில் இருப்பது இன்டெல் செயலகம் (கணினியின் மூளையான சில்லு) என்று அறிந்த ஒருவர், கோப்பின் பெயரில் 'ஏஎம்டி64' என்று இருப்பதைக் கண்டு அது தனக்கானது அல்ல என்று ஒதுக்கிவிடுவது முற்றிலும் நியாயமான முடிவு. இன்றைய 64-பிட் கட்டமைப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி என்பதும், 2003-இல் அந்நிறுவனத்தின் ஆப்டெரான் செயலகங்களோடு அது சந்தைக்கு வந்தது என்பதும், பின்னர் இன்டெலும் அதையே ஏற்றுக்கொண்டதால்தான் அந்தப் பெயர் நிலைத்தது என்பதும் சுவையான வரலாறுதான். ஆனால் ஒரு படத்திருத்தியை நிறுவ விரும்புகிறவர் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'பெரும்பாலான விண்டோஸ் கணினிகளுக்கு இது' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

சரியான கோப்பை எடுத்தவருக்கும் நிம்மதி இல்லை. சான்றொப்பமிடப்படாத நிறுவியை இயக்கினால் விண்டோஸ் ஒரு நீலப் பெட்டியைக் காட்டி எச்சரிக்கிறது. மேக் திறக்கவே மறுக்கிறது. கையொப்பச் சான்றிதழுக்கும் ஆப்பிளின் மேம்பாட்டாளர் திட்டத்துக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்பதால், தன்னார்வலர்கள் நடத்தும் சிறு திட்டங்கள் பல இந்த எச்சரிக்கையோடுதான் காலம் தள்ளுகின்றன. 'எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் மேலே செல்லுங்கள்' என்று அவற்றின் ஆவணங்கள் சொல்கின்றன. இதே இணையத்தில் பிரபலமான திறமூலச் செயலிகளின் பெயரில் போலிப் பக்கங்களும் தேடல் விளம்பரங்களும் தீநிரல்களைப் பரப்பிக்கொண்டிருக்கும்போது, எச்சரிக்கையைப் புறக்கணிக்கப் பழக்குவது எவ்வளவு ஆபத்தானது என்று நாம் யோசிப்பதில்லை.

லினக்ஸ் நிறுவலில் இதைவிட நுட்பமான இடறல் ஒன்று உண்டு. செக்யூர் பூட் (சான்றொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலை (லினக்ஸை மையமாகக் கொண்டு தொகுத்த இயங்குதளத்தை) நிறுவும்போது, என்விடியா போன்ற வெளி டிரைவர்களைத் தேர்ந்தெடுத்தால் சில பதிப்புகளில் ஒரு கடவுச்சொல்லை அமைக்க வேண்டியிருக்கிறது. எதற்காக என்பது பெரும்பாலானோருக்கு விளங்குவதில்லை. மறுதொடக்கத்தின்போது நீலத் திரை ஒன்று தோன்றி, ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லிச் சில விநாடிகள் மட்டும் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் திரும்பி வரும்போது கணினி வழக்கம்போல் தொடங்கியிருக்கும். டிரைவர் மட்டும் ஏற்றப்பட்டிருக்காது. என்ன தவறிப்போனது என்று எந்த அறிவிப்பும் வராது. மங்கலான திரையையோ, வேலை செய்யாத இரண்டாவது மானிட்டரையோ பார்த்து 'லினக்ஸ் சரிப்படாது' என்று அவர் முடிவுக்கு வந்தால், அவர் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்க்கும்போது அது தவறான முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இத்தகைய தடைகள் நீங்கக்கூடியவை என்பதற்கு டெபியன் என்ற வழங்கலே சான்று. வைஃபை சில்லுகளுக்குத் தேவையான, கட்டற்ற உரிமத்தில் இல்லாத ஃபர்ம்வேரை (வன்பொருளை இயக்கும் உள்நிரலை) அதிகாரபூர்வ நிறுவியில் சேர்ப்பதில்லை என்ற கொள்கையை டெபியன் பல ஆண்டுகள் கடைப்பிடித்தது. இணையத்தில் இணைய ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரைப் பெற இணையம் வேண்டும் என்ற நிலையில் எத்தனையோ பேர் சிக்கித் தவித்தார்கள். ஃபர்ம்வேர் சேர்த்த நிறுவி ஒன்று தனியே இருந்தது. ஆனால் அது அதிகாரபூர்வமற்றது என்ற பெயரோடு, தேடுகிறவர் கண்ணில் எளிதில் படாத இடத்தில் இருந்தது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்திக் கொள்கையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12-இன் நிறுவியில் அந்த ஃபர்ம்வேர் இடம்பெற்றது. கொள்கையில் உறுதியாக இருந்தவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கொள்கைக்கான விலையைக் கொள்கையையே அறியாத புதியவர்கள் செலுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

பழைய வழிகாட்டிகள் வேறொரு தொல்லை. பைத்தான் நிரல்மொழியின் நூலகம் ஒன்றை 'பிப்' என்ற நிறுவும் கருவி கொண்டு நிறுவச் சொல்லும் பாடங்கள் இணையமெங்கும் கிடக்கின்றன. டெபியன் 12, உபுண்டு 23.04 முதலான பதிப்புகளில் அதே கட்டளையை இட்டால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பிழைச்செய்தி வருகிறது. மாற்றத்துக்குக் காரணம் நல்லது. இயங்குதளம் நம்பியிருக்கும் பைத்தான் பொதிகளைப் பயனர் அறியாமல் சிதைத்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இயங்குதளத்தைத் தொடாத தனி மெய்நிகர் சூழலை உருவாக்கிக்கொள்ளும்படி அந்தச் செய்தியே அறிவுரையும் தருகிறது. ஆனால் அதே செய்தியில், இயங்குதளப் பொதிகளை உடைத்தாலும் பரவாயில்லை என்று பொருள்படும் ஒரு தெரிவும் குறிப்பிடப்படுகிறது. அவசரத்தில் இருக்கும் புதியவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

இனி உதவி கேட்கும் கட்டம். என்னைப் பொறுத்தவரை உண்மையான சுவர் இங்கேதான் இருக்கிறது. 'வைஃபை வேலை செய்யவில்லை' என்று ஒருவர் எழுதினால், எந்த வழங்கல், எந்தப் பதிப்பு, எந்தக் கெர்னல், எந்தச் சில்லு, பதிவுக்கோப்பு எங்கே என்ற கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. இவை தேவையற்ற கேள்விகள் அல்ல. இவற்றுக்கு விடை இல்லாமல் யாராலும் உதவ முடியாது. ஆனால் இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்தவர் ஏற்கெனவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்திருப்பார். பதிவுக்கோப்பு என்றால் என்ன, அதைப் பார்க்க எந்தக் கட்டளையை எங்கே இட வேண்டும், டெர்மினலில் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாதது ஏன் என்று யாராவது பொறுமையாகச் சொன்னால்தான் உரையாடல் நகரும். அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது 'ஆவணத்தைப் படியுங்கள்' என்பதும், அதைவிடக் கொடுமையாக 'அந்த வழங்கலை விட்டுவிட்டு இதை நிறுவுங்கள்' என்பதும்தான். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடுகிறவரைக் கேலி செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. கணினியே தொடங்காதவரிடம் கைப்பேசியைத் தவிர வேறு என்ன இருக்கும்?

2021-இல் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். லைனஸ் செபாஸ்டியன் என்ற யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவ முயன்றபோது, பொதிகளுக்கிடையே இருந்த சார்புச் சிக்கலால், டெஸ்க்டாப் சூழலையே நீக்கப்போவதாக, பொதிகளை நிறுவி நீக்கும் கருவியான 'ஏபிடி' எச்சரித்தது. 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை முழுமையாகத் தட்டச்சு செய்தால்தான் மேலே செல்லும் என்றது. அவர் தட்டினார், வரைகலை இடைமுகம் காணாமல் போனது. எச்சரிக்கையைப் படிக்காதது அவர் குற்றம் என்று பலர் வாதிட்டார்கள். ஆனால் பொறுப்பில் இருந்தவர்கள் அந்த வாதத்தோடு நின்றுவிடவில்லை. இன்றியமையாத பொதிகளை அந்த வாக்கியத்தைத் தட்டி நீக்கும் வழியையே 'ஏபிடி' அடுத்த பதிப்பில் விலக்கிக்கொண்டது. ஒரு விளையாட்டுச் செயலியை நிறுவக் கேட்டவருக்கு டெஸ்க்டாப் பறிபோனால் அது மென்பொருளின் வழு என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நிறுவலில் தோற்கும் ஒவ்வொருவரின் கதையும் இப்படி ஒரு வழு அறிக்கையாகப் பதிவாக வேண்டும் என்பதே என் வாதம்.

பராமரிப்பாளர்களுக்கு எதிராக நான் பேசவில்லை. எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று திறமூல உரிமங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. அவர்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர். தனி ஆளாக எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலைப் பராமரித்துக் களைத்துப்போயிருந்த ஒருவரின் நம்பிக்கையைப் பெற்று, அதற்குள் பின்கதவு (ரகசிய நுழைவழி) புகுத்தப்பட்டது 2024 மார்ச்சில் அம்பலமானது. அந்தச் சுமையின் மேல் புதியவர்களின் கேள்விகளையும் ஏற்றச் சொல்வது அநியாயம். ஆகவேதான் அந்த வேலை பயனர்களாகிய நமக்கு உரியது. நிரல் எழுதத் தெரியாதவரும் நிறுவல் பக்கத்தைத் திருத்தலாம். காலாவதியான வழிகாட்டியின் மேல் 'இது இன்றைய பதிப்புக்குப் பொருந்தாது' என்று குறிப்பிடலாம்.

கடைசியாக, ஆங்கிலம் அறியாதவர்களின் நிலை. இடைமுகத்தைத் தம் மொழிக்கு மாற்றிக்கொண்டவருக்குப் பிழைச்செய்தியும் அந்த மொழியிலேயே வரும். அதைத் தேடினால் ஏறக்குறைய எதுவும் கிடைக்காது. உதவுகிறவர்கள் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அதே கட்டளையை மறுபடி இடச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கொடுத்த இடைமுகத்தை, சிக்கல் வந்த நேரத்தில் கழற்றி வைக்கச் சொல்கிறோம். இதற்கு வேறு வழி உண்டு. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) பல பிழைகளுக்கு இ0382 என்பது போன்ற எண்களைத் தருகிறது. அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால் எடுத்துக்காட்டோடு நீண்ட விளக்கத்தையும் அதுவே தருகிறது. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. எந்த மொழியில் இடைமுகம் இருந்தாலும் தேடலில் ஒரே விடைக்கு அது கொண்டுசேர்க்கும். நிரலாளர்களுக்கு இந்த வசதியைச் செய்து கொடுத்திருக்கிற திறமூல உலகம், டிரைவர் ஏறாமல் திகைத்து நிற்கும் சாதாரணப் பயனருக்கும் ஓர் எண்ணைக் காட்டலாம்.